பொதுக்கரையில் விழுந்த கோடு

வேலாழி நாட்டில் வாயாடிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அரசர் செங்கதிர்வேலரின் அவையில், வாயைத் திறக்குமுன் யோசிப்பவர் ஒருவரே இருந்தார். அவர் மங்கலனார்.

ஒரு நாள் ஊர்ச்சபைத் தலைவர்கள் இருவர் ஒருவரையொருவர் முறைத்தபடி அந்த அவைக்குள் நுழைந்தனர். வடக்கே நெய்தல்மேட்டின் தலைவர் சங்கிலியாண்டார். தெற்கே புன்னைத்துறையின் தலைவர் வீரபாகு. நடுவே கிடந்த கடற்கரை இரண்டு ஊருக்கும் பொது. அங்கே கடலைத் தடுத்து நின்ற மணல்மேடு, போன மழையில் நட்டநடுவில் உடைந்துவிட்டது. அடுத்த மழைக்குள் அடைக்காவிட்டால் இரண்டு ஊர்க் கிணறுகளிலும் உப்புநீர்தான்.

"உடைப்பு அவர்கள் பக்கம், அரசே!" என்றார் சங்கிலியாண்டார்.

"ஓய்! தேக்குமரம் கரை ஒதுங்கியபோது அதே இடம் உம்முடைய பக்கமாக இருந்ததே!" என்றார் வீரபாகு.

"நீர் மட்டும் என்னவாம்? மேட்டிலிருந்த தாழம்புதரை வெட்டித் தோட்டத்துக்கு வேலி போட்டது யார்?"

அரசருக்குத் தலை வலித்தது.

"மங்கலனாரே! நாளை மாலைக்குள் கரையைச் சரிபாதியாகப் பிரித்துவிடும். அதற்குப் பிறகும் வழக்கென்று வந்தால், கரை முழுவதையும் அரண்மனை உப்பளமாக்கிவிடுவேன். ஒரு படகும் அங்கே ஏறாது!"

மங்கலனாருக்கோ இரண்டு ஊரும் சொந்தம். அவர் பிறந்த ஊர் நெய்தல்மேடு. பெண் எடுத்த ஊர் புன்னைத்துறை. எந்தப் பக்கம் ஒரு முழம் கூடினாலும், மறுபக்கத்து வீட்டில் அவருக்கு இலை விழாது. கோட்டை எங்கே கிழித்தாலும் உடைப்பை அடைக்க ஆள் வரமாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலை அரசரைக் கரைக்கு அழைத்துச் சென்றார். அங்கே கரைவலை இறங்கியிருந்தது. படகு கடலில் வலையை வளைத்து விட்டு வரும். வடக்குக் கயிற்றை நெய்தல்மேட்டார் இழுப்பார்கள்; தெற்குக் கயிற்றைப் புன்னைத்துறையார் இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரு கூட்டமும் நகர்ந்து வந்து ஓரிடத்தில் சேரும். சேர்ந்தால்தான் வலையின் வாய் மூடும். அது அந்தக் கரையின் காலங்காலமான வழக்கம்.

மங்கலனார் கைத்தடியால், உடைப்பிலிருந்து அலை வரை ஒரு கோடு கிழித்தார்.

"அரசர் ஆணைப்படி பிரித்தாயிற்று. ஓர் ஊரார் மறு ஊரார் பாதியில் கால் வைக்கக் கூடாது!"

தலைவர்கள் இருவருக்கும் பரம திருப்தி.

அன்று நீரோட்டம் வலையை வடக்கே தள்ளியது. மீன் நிறைந்த வலையின் மடிப்பை நெய்தல்மேட்டுப் பாதிக்குள் ஒதுங்கியது. சங்கிலியாண்டார் மீசையை முறுக்கினார். "பார்த்தீரா வீரபாகு? கடலே எங்கள் கட்சி!"

புன்னைத்துறையார் கயிற்றோடு கோடு வரை வந்தார்கள், நின்றார்கள். வலையின் வாய் அகலத் திறந்தே கிடந்தது. அதன் வழியாகப் பாரையும் சீலாவும் துள்ளித் துள்ளிக் கடலுக்குத் திரும்பின.

"ஏனப்பா நிற்கிறீர்கள்? வாருங்கள் இந்தப் பக்கம்!" என்று அலறினார் சங்கிலியாண்டார்.

"கோடு இருக்கிறதே, அண்ணாச்சி!" என்று வீரபாகு கைகட்டி நின்றார்.

"கோடாவது மண்ணாங்கட்டியாவது! மீன் போகுதய்யா!"

சங்கிலியாண்டார் ஓடிவந்து தம் காலாலேயே கோட்டை அழித்தார். வீரபாகுவின் கையைப் பிடித்து இழுத்தார். இரு கூட்டமும் சேர்ந்தன, வாய் மூடியது, மிஞ்சிய மீன் கரையேறியது.

"மங்கலனாரே, என் ஆணை என்னவாயிற்று?" என்றார் அரசர்.

"நான் பிரித்துவிட்டேன், அரசே. சேர்த்தவர்கள் இவர்கள்."

"சரி, உடைப்பை அடைப்பது யார்?"

"கயிறு பிடித்தவர்களே. வடக்கிலிருந்து இவர்களும் தெற்கிலிருந்து அவர்களும் மண் கொட்டிக்கொண்டே நடுவில் வந்து சேரட்டும். எவர் பாதியில் நின்றாலும் வாய் திறந்தே கிடக்கும். இன்று மீன் வெளியே போயிற்று. அடுத்த மழையில் கடல் உள்ளே வரும்."

தலைவர்கள் தலைகுனிந்து மண்வெட்டிக்கு ஆள் அனுப்பினார்கள். அரசர் வாய்விட்டுச் சிரித்தார்.

"பரிசு கேளும். இதோ, இந்தப் பெரிய பாரையில் சரிபாதி தரட்டுமா?"

மங்கலனார் பதறிப்போனார். "வேண்டாம் அரசே, பாதி என்ற பேச்சே வேண்டாம்! முழு மீனாக இரண்டு கொடுங்கள். ஒன்று என் தாயாருக்கு, ஒன்று என் மாமியாருக்கு. எது பெரிது என்று மட்டும் யாரும் கேட்காதபடி ஓர் ஆணை பிறப்பித்துவிடுங்கள்!"

"அது மட்டும் என் அதிகாரத்தில் இல்லை, மங்கலனாரே!" என்றார் அரசர்.