தேன்பாறைக்கு நடந்த போட்டி

முன்னொரு காலத்தில் மஞ்சுவன நாட்டைக் கோதண்டவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ஆண்டான் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். காலையில் ஒரு ஆசை, மாலையில் ஒரு ஆசை என்று அவன் இருக்க, நடுவில் கிடந்து அல்லாடியவர் அமைச்சர் குழைக்காதர்.

ஒரு நாள் ராஜாவுக்கு நாட்டியப் போட்டி நடத்தும் ஆசை வந்தது. "தேனாட்டத்தை யார் சிறப்பாக ஆடுகிறார்களோ, அவர்களுக்குத் தும்பிமலைத் தேன்பாறை பரிசு!" என்று சபையில் அறிவித்தும் விட்டான்.

குழைக்காதர் தலையில் கைவைத்துக்கொண்டார். தேனாட்டமே தும்பிமலைக்காரர்களின் ஆட்டம். அந்தப் பாறையில் தேனெடுத்துத்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. அதைத் தூக்கி ஊருக்கெல்லாம் பொதுப் பரிசாக வைத்தால் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

கேட்க ஆளில்லாத இன்னொரு கூத்தும் இருந்தது. போட்டிக்கு நடுவர், சபையின் கலைத்தலைவர் வல்லபர். போட்டியிடும் அரண்மனைக் குழுவின் தலைவியோ வல்லபரின் மகள் செண்பகவடிவு! போன வருஷ விழாவில் இந்தக் குழு மலைக்காரர்கள் மாதிரி தெரிய முகத்தில் விளக்குக்கரியைப் பூசிக்கொண்டு தேனாட்டம் ஆடியது. வேகமாக ஆடினால் வேர்த்து, கரி வழிந்துவிடும். அதனால் ஆமை மாதிரி ஆடினார்கள். வல்லபர் அதற்கு 'நாகரிகத் தேனாட்டம்' என்று பெயர் சூட்டினார். மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர, காலைப் பார்க்கவில்லை.

போட்டிக்குப் பெயர் கொடுக்கத் தும்பிமலையிலிருந்து கூதளி என்ற பெண் தன் தோழிகளோடு வந்தாள். வல்லபர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தக் கறுப்பு, அரண்மனை விளக்கில் எடுபடாதம்மா. போய் வா."

"ஏனுங்க சாமி, உங்க மக கரியப் பூசிக்கிட்டு ஆடினா அது கலை. நான் பூசாமலே இப்படி இருந்தா எடுபடாதா?"

வல்லபர் காதில் விழாத மாதிரி நகர்ந்துவிட்டார். பக்கத்தில் நின்ற குழைக்காதருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மலையில் இந்த ஆட்டத்தை எப்படியம்மா ஆடுவீர்கள்?" என்று கூதளியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, நேரே ராஜாவிடம் போனார்.

"மன்னா, தேனெடுக்கப் போகிறவர்கள் தேனீக்குப் பயந்து தலையும் முகமும் மறைய ஓலைக்கூடு கவிழ்த்து, உடம்பெல்லாம் சாம்பல் பூசிக்கொள்வார்களாம். ஆட்டத்துக்கும் அதே கோலம்தானாம். நம் சபையில் மட்டும் அரைகுறையாக ஆடலாமா?"

"அரைகுறையா? என் சபையிலா? எல்லோருக்கும் கூடு! எல்லோருக்கும் சாம்பல்!" என்று குதித்தான் ராஜா. "மலைக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்!"

வல்லபர் கலங்கவில்லை. "மலைக்காரர்கள் முதலில் ஆடட்டும், என் மகள் குழு பிறகு," என்று வரிசையைத் தானே சொல்லிவிட்டார். யார் யார் என்பது தெரிந்தால் போதாதா? குழைக்காதர் "ஆகட்டும்" என்றார். திரைக்குப் பின்னால் போனதும், "செண்பகவடிவு, முதலில் நீ ஆடம்மா," என்றார்.

முதல் குழு ஆடி முடித்தது. வல்லபர் மூக்கைச் சுளித்தார்.

"இது ஆட்டமா மன்னா? சேற்றில் எருமை நடந்த மாதிரி இருக்கிறது. முன்னால் ஒருத்தி ஆடினாளே, அவளுக்குத் தாளம் ஏழு பிறவிக்கும் வராது. பிறப்பிலேயே இருக்க வேண்டும் இதெல்லாம்!"

இரண்டாவது குழு வந்தது. பாறையில் கயிறு ஆடுவதும், தேன்கூடு கலைந்து தேனீ பாய்வதும் கண்முன் நிற்க, ராஜாவே ஆசனத்தில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"பார்த்தீர்களா! இதுதான் வம்சம்! இதுதான் வளர்ப்பு!" என்று வல்லபர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பரிசு இவர்களுக்கே. என் தீர்ப்பில் மாற்றமே இல்லை."

"கூடுகளைக் கழற்றுங்கள்," என்றார் குழைக்காதர்.

இரண்டாவது குழுவின் கூட்டுக்குள்ளிருந்து கூதளி வெளிப்பட்டாள். முதல் குழுவின் கூட்டுக்குள்ளிருந்து ஒரு வீறிடல். "அப்பா! நானா எருமை?"

வல்லபருக்கு முகத்தில் ஈயாடவில்லை. "மோசடி! அமைச்சர் ஏமாற்றிவிட்டார்!"

"நான் மாற்றியது வரிசையை மட்டும்தான் வல்லபரே. தீர்ப்பு முழுக்க முழுக்க உம்முடையது. ஓலைக்கூடு போட்டால் பெற்ற மகளையே தெரியாத உமக்கு, ஆட்டம் எங்கே தெரியப்போகிறது?"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான். "கூதளி, நீ ஜெயித்தாய்! தேன்பாறை உனக்கே!"

கூதளி கும்பிடவில்லை. "எங்க பாறைய எங்களுக்கே குடுக்கறதுக்கு, நாங்க இங்க வந்து ஆடிக் காட்டணுமா ராசா?"

ராஜாவின் சிரிப்பு நின்றது. அவன் குழைக்காதரைப் பார்த்தான். 'இதற்குத்தானே நான் அன்றே தலையில் கைவைத்துக்கொண்டேன்' என்பதுபோல் அவர் கூரையைப் பார்த்தார்.

"தப்பு என்னுடையது," என்றான் ராஜா, தொண்டையைச் செருமிக்கொண்டு. "பாறை உங்களுடையது. இனி எந்த ராஜாவும் அதைப் பரிசாக வைக்க முடியாது. ஆட்டத்துக்குப் பரிசு இது." கழுத்துமாலையைக் கழற்றிக் கூதளிக்குக் கொடுத்தான். மோதிரம் குழைக்காதருக்குப் போனது. "வல்லபரே, இந்தப் பருவத்துக்குத் தேனெடுப்பில் நீர்தான் புகைப்பந்தம் பிடிக்கிறீர். ஆட்டம் எங்கே பிறந்தது என்று பார்த்துவிட்டு வாரும்."

வல்லபர் மலையேறினார். பாறையடியில் கூதளி ஒரு ஓலைக்கூட்டை நீட்டி, "போட்டுக்கங்க சாமி," என்று கெஞ்சாத குறையாகச் சொன்னாள். "பொன் மாதிரி முகம் இது. இதைப் போய் மூடுவதா?" என்றார் மனிதர். தேனீக்கு அதெல்லாம் என்ன தெரியும்?

மறுநாள் தள்ளாடித் தள்ளாடி வீடு வந்து கதவைத் தட்டினார். செண்பகவடிவு திறந்தாள். வீங்கிக் கிடந்த அந்த முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாருய்யா நீ? அப்பா வீட்டில் இல்லை, அப்புறம் வா," என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.