கொக்கின் முழங்கால்

கோரைக்காட்டுக் குளத்திலிருந்து ஒரு வாய்க்கால் பிரிந்து ஓடியது. அதன் இரு கரையிலும் குடியிருப்புகள். குளத்தை ஒட்டிய தலைமடையில், ஒரு மருதமரத்தில், நீர்க்காகம் வசித்தது. வாய்க்கால் முடியும் கடைமடையில் செவந்தி என்ற நீர்நாய் வளை தோண்டி வாழ்ந்தது.

அந்த ஆண்டு செவந்திக்கு மூன்று குட்டிகள். நீந்தப் பழகும் வயது. ஆனால் நீந்த இடமில்லை! வண்டல் சேர்ந்து சேர்ந்து, தை மாதத்திலேயே குட்டிகளின் வயிறு சேற்றில் உரசியது. பங்குனியில் ஒரு சொட்டும் மிஞ்சாது. அப்புறம் நரிகள் திரியும் காட்டைக் கடந்து, குட்டிகளைக் கவ்விக்கொண்டு ஓட வேண்டியதுதான். குட்டிகள் மூன்று, வாய் ஒன்று.

வாய்க்காலில் ஒரு வழக்கம் இருந்தது. தை பிறந்ததும் கொக்கு வாய்க்கால் நெடுக நடந்து ஆழம் பார்க்கும். தண்ணீர் அதன் முழங்காலைத் தொடாவிட்டால் தூர்வார வேண்டும். அதற்கு வீட்டுக்கு ஐந்து கெண்டை பங்கு தர வேண்டும். முழங்கால் நனைந்தால் யாரும் எதுவும் தர வேண்டாம்.

ஆறு ஆண்டுகளாகக் கொக்கு சொன்னது ஒரே பதில்: "முழங்கால் ஆழம்! கவலை வேண்டாம்!"

கெண்டை மிச்சமானதில் யாருக்கு வருத்தம்?

"போன வருஷம் நீந்திய இடத்தில் இந்த வருஷம் நடக்கிறேன்!" என்று, அளக்கும் முன் கூடிய வாய்க்கால் கூட்டத்தில் சொன்னது செவந்தி.

"நீ பெருத்திருப்பாய்!" என்றது நீர்க்காகம். கூட்டம் சிரித்தது.

"இருக்கட்டும் மாமா. இந்த முறை அளக்கும்போது நானும் கூடப் போகிறேன்."

இதுவரை யாரும் கூடப் போனதில்லை. வேடிக்கை பார்க்க நண்டுகள், எருமை, நீர்க்காகம் என எல்லோரும் கரையோரமாக நடந்தார்கள். கொக்குக்குப் பின்னால் செவந்தி நீந்தியது. நடுவளைவு தாண்டியதும் நடந்தது. தன் வளைக்கு முன்னால் வந்தபோது கொக்கு கூவியது: "முழங்கால் ஆழம்!"

செவந்தி உற்றுப் பார்த்தது.

"கொக்கண்ணே, கொஞ்சம் நிமிர்ந்து நில்லுங்கள்!"

"எனக்கு மூட்டு வலி!"

"தலைமடையில் வலிக்கவில்லையே?"

"நிமிருங்க அண்ணே! நாங்களும் பார்க்கிறோம்!" என்றது நண்டு.

கொக்கு நிமிர்ந்தது. தண்ணீர் பாதத்தோடு நின்றது. ஆறு ஆண்டுகளாக அது குந்திக் குந்தி அளந்திருக்கிறது! ஆழம் குறையக் குறைய மீன் காலடிக்கே வரும் என்பது கொக்குக்குத் தெரியும். அதையே அளக்க விட்டவர்களுக்குத்தான் தோன்றவில்லை.

"எனக்கு வேறு குளத்தில் வேலை இருக்கிறது," என்று கொக்கு பறந்துவிட்டது.

நீர்க்காகம் தொண்டையைக் கனைத்தது. "கடைமடைதானே வற்றியது? என் வாசலில் ஆழம் இருக்கிறது. நான் ஏன் கெண்டை தர வேண்டும்?"

"மாமா, உங்கள் வாசலுக்கு வரும் மீன் எங்கே முட்டையிடுகிறது?"

கடைமடைக் கோரையில்தான். நீர்க்காகத்துக்கு அது தெரியும்.

"இங்கே வற்றினால், அங்கே நீங்கள் வெறும் தண்ணீரைத்தான் விழுங்க வேண்டும்!"

நீர்க்காகம் கடைமடைக் கோரையை எட்டிப் பார்த்தது. "ஐந்து போதுமா?" என்று கேட்டது.

"தோண்ட நாங்கள் ரெடி. எங்கே தொடங்குவது?" என்றது நண்டு. செவந்தி தன் வாசலைக் காட்டும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"நடுவளைவில். அங்கே இருக்கும் மேடுதான் தண்ணீரை மறிக்கிறது. என் வாசல் கடைசியில் இருக்கட்டும்."

"வாரும் சேற்றைக் கரையில் கொட்டாதீர்கள்!" என்றது எருமை. "முதல் மழைக்கே திரும்பி வந்துவிடும். என் முதுகில் அப்புங்கள். தொலைவில் இருக்கும் பாறையில் தேய்த்துவிட்டு வருகிறேன். எனக்கும் சேற்றுக் குளியல் ஆச்சு!"

நண்டுகள் முறை வைத்துத் தோண்டின. பங்குக் கெண்டை அவற்றுக்குச் சாப்பாடு. எருமை நடந்து நடந்து காட்டில் புதுத் தடமே விழுந்தது. பத்தொன்பதாம் நாள் கடைமடைக்குத் தண்ணீர் வந்தது.

பங்குனியில் சுற்றுவட்டாரக் குளங்கள் வெடித்துக் கிடந்தன. நீர் தேடி வந்த கூழைக்கடாக்கள் கேட்டன: "இது யார் வாய்க்கால்?"

"எங்கள் வாய்க்கால்!" என்று கழுத்தை உயர்த்தியது நீர்க்காகம். "வருஷா வருஷம் பங்கு எடுத்து வைத்து, நாங்களே தூர்வாருகிறோம்!"

வாரியது ஒரே முறைதான். ஆனால் அடுத்த தைக்கான கெண்டைகள் அதற்குள் தனிக் குட்டையில் நீந்திக்கொண்டிருந்தன. அதனால் யாரும் திருத்தவில்லை.

அப்போது செவந்தியின் கடைக்குட்டி தண்ணீருக்குள் பாய்ந்தது. வால்கூடத் தெரியவில்லை. அவ்வளவு ஆழம்! வெகுதூரத்தில் தலை தூக்கியபோது அதன் வாயில் ஒரு கெண்டை துள்ளியது. செவந்தி கரையில் நெஞ்சை நிமிர்த்தி நின்றது.

முதல் வீடும் கடைசி வீடும் காலத்தே பங்கு தந்து காக்கும் வாய்க்காலே, கோடையில் எல்லா வாசலிலும் ஓடும்.