மீசை தெரிஞ்ச அடுப்பு

ஒரு ஊர்ல ஒரு மீசைக்காரன் இருந்தான். பேரு சிங்காரம். ஏய், காலை என் மேல போடாத, தள்ளிப் படு. ம், இப்போ கேளு. அவன் பொண்டாட்டி பேரு மங்கை. ரெண்டு பேரும் புதுசா ஒரு வீடு கட்டினாங்க. புது வீட்டுக்குப் போனா பால் காய்ச்சணும்ல? பால் புஸ்ஸுன்னு பொங்கி வழியணும். அதுக்குப் புது கேஸ் அடுப்பு வாங்கலாம்னு நெனச்சாங்க.

மங்கை சொன்னா, "ஏங்க, பர்னர் பித்தளையா இருக்கணும், கையில தூக்கினா கனக்கணும். தீ நீலமா பாத்திரத்துக்கு அடியிலயே நிக்கணும். அப்பதான் கேஸும் மிச்சமாகும், அடுப்பும் ரொம்ப நாள் உழைக்கும்."

"எனக்குத் தெரியாததா?"ன்னு மீசையை முறுக்கிட்டு அவன் மட்டும் கடைக்குப் போனான். ம் கொட்டுடி.

அப்புறம், கடைக்காரர் ஒரு எவர்சில்வர் அடுப்பைக் காட்டினார். நல்ல கனம். "சீ, கல்யாண மண்டபத்து அடுப்பாட்டம் இருக்கு"ன்னான். அப்புறம் இன்னொண்ணு. கேஸ் கம்மியாத்தான் குடிக்கும்னு அதுல நட்சத்திரமெல்லாம் போட்டு ஒட்டியிருந்துச்சு. டக்குனு பத்த வச்சா, ஸ்ஸ்ஸ்னு சின்னதா நீலத் தீ. "இது என்ன, கஞ்சன் வீட்டுத் தீயா?"ன்னான். மூணாவதா ஒரு கண்ணாடி அடுப்பு. மேல ரோஜாப்பூ. குனிஞ்சு பாத்தா இவன் மீசை தெரியுது! பத்த வச்சா, தீ மஞ்சளா குபுகுபுன்னு எழும்புது. "இதான்யா தீ!"ன்னு வாங்கிட்டு வந்துட்டான், மடையன்.

மங்கை அதைப் பாத்துட்டு, "பழைய அடுப்பையும் எடுத்துட்டுப் போவோம்"னு மட்டும் சொன்னா.

அப்போ, பால் காய்ச்சுற அன்னிக்குச் சொந்தக்காரங்க எல்லாம் வந்து நிக்கிறாங்க. பளபளன்னு புதுச் சொம்புல பால். தீ சொம்பைச் சுத்திட்டு மேல மேல போகுது, பால் மட்டும் அசையவே இல்ல. சிங்காரத்தோட அக்கா கேட்டா, "யாருடா இந்த அடுப்பை எடுத்தது?" இவனுக்கு வெக்கமாப் போச்சு. வாயில என்ன வந்துச்சு தெரியுமா?

"மங்கைதான் எடுத்தா."

ஆமா, பொய்தான். மங்கை அவனை ஒரு தரம் நிமிந்து பாத்தா.

அப்புறம் சொம்பெல்லாம் கரி. அவன் சித்தப்பா கேட்டார், "யாருப்பா எடுத்தது?" மறுபடியும், "மங்கைதான்." சொல்லிட்டு அவர் மூஞ்சியைப் பாக்க முடியாம, ஈரத் துணியை எடுத்து அடுப்புல இருந்த கரியைத் துடைச்சான். சுடுற கண்ணாடியில ஈரம் பட்டா சும்மா இருக்குமா? படார்! கண்ணாடி நொறுங்கி, சொம்பு சாஞ்சு, பொங்காத பால் தரையெல்லாம் ஓடிருச்சு. மங்கை ஓடிப்போய் சிலிண்டரை மூடினா.

அப்போ கூட்டத்துல யாரோ மூணாவது தரம், "யாரு எடுத்த அடுப்பு இது?"ன்னாங்க. சிங்காரம் வாயைத் திறக்கறதுக்குள்ள மங்கையோட அம்மா முன்னால வந்தாங்க. அவன் முன்னாடி ரெண்டு கையையும் கூப்பினாங்க.

"மாப்ள, எம்பொண்ணு விவரமில்லாம பண்ணிட்டா. மன்னிச்சுக்குங்க."

தூங்கிட்டியா? இல்லையா. சிங்காரத்துக்கு உடம்பே கூசிப் போச்சு. வயசானவங்க செய்யாத தப்புக்குக் கும்பிட்டு நிக்கிறாங்களே! "அத்தை, கையை இறக்குங்க. எடுத்தது நான். அவ சொன்னதை நான்தான் கேக்கல. பொய் சொன்னதும் நான்தான்"னான். முறுக்கின மீசை தொங்கிப் போச்சு.

அப்போ மங்கை அந்தப் பழைய அடுப்பைத் தூக்கிட்டு வந்தா. வேற பால். ஸ்ஸ்ஸ்னு சின்னத் தீ, நீலத் தீ. கொஞ்ச நேரத்துல புஸ்ஸுன்னு பொங்கி வழிஞ்சுது. எல்லாரும் சிரிச்சாங்க, சிங்காரம் மட்டும் சுவரைப் பாத்துட்டு நின்னான்.

அப்புறம் மங்கையே கடைக்குப் போயி, தூக்கிப் பாத்து, பத்த வச்சுப் பாத்து ஒண்ணு வாங்கினா. அது இன்னும் உழைக்குது. வீட்டுக்கு வர்றவங்க, "நல்ல அடுப்பா இருக்கே, யாரு எடுத்தது?"ம்பாங்க.

"மங்கைதான் எடுத்தா"ம்பான் சிங்காரம். இப்போ அது நெசம். ஆனாலும் அதைச் சொல்றப்பல்லாம் அவன் காது ரெண்டும் செவந்துடும்.

பால் பொங்கியாச்சு, சிலிண்டரை மூடியாச்சு, கதையையும் அணைச்சாச்சு. நீ கண்ணை மூடு.