அவிச்ச முட்டையும் பன்னிரண்டு மானிட்டரும்

பரமகுரு அண்ணாச்சி வாயில் உண்மை தங்காது என்பது சங்கரன்கோவிலில் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் ஊரில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மானிட்டர் மூச்சை நிறுத்தினாலும் தூக்கிக்கொண்டு அவர் கடைக்குத்தான் ஓடுவோம். கை அப்படி. அந்தக் கைக்காக வாயைப் பொறுத்துக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம்.

நான் எதிர்த்தாற்போல் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் மானிட்டர் செவ்வாய்க்கிழமையே அவரிடம் போய்விட்டது. "கொஞ்சம் முரண்டு பிடிக்கு, கெடக்கட்டும்" என்று அலமாரியில் ஏற்றிவிட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்ப் பார்க்கிறேன், என்னுடையதோடு சேர்த்து பதினோரு மானிட்டர் அலமாரியில் அடுக்கி இருக்கிறது. தெருவில் இருந்த அத்தனையும் அங்கேதான்.

பன்னிரண்டாவதாக ஒன்று மேஜையில் வயிறு பிளந்து கிடந்தது. பக்கத்தில் ஸ்டூலில் வடிவு, காலடியில் அவள் சிபியூ. ஊரில் பாதி பிளெக்ஸ் போர்டு அவள் டிசைன் செய்ததுதான். அவள் முகம் வெந்துபோய் இருந்தது.

விஷயம் இதுதான். மறுநாள் காலையில் வடிவு மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன் முத்தையா, வடிவின் ஒரே அண்ணன், மூன்று வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. காரணம், மூத்த மகள் சடங்குக்கு அடித்த பிளெக்ஸில் அவர் படம் விட்டுப்போனது. அடித்தவள் வடிவேதான். இந்தத் தடவை வாசலில் ஆளுயரத்துக்குத் தன் படம் இருந்தால்தான் மண்டபத்துக்குள் கால் வைப்பேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். டிசைன் பாதியில் நிற்கும்போது மானிட்டர் போய்விட்டது. பிரிண்ட் போடுகிறவன் ஐந்து மணிக்கு மேல் வாங்க மாட்டான்.

"அண்ணாச்சி, மணி ரெண்டரை ஆச்சு" என்றாள் வடிவு.

"தாயி, நீ இதைக் கொண்டுக்கிட்டு தெருமுனைல திரும்பும்போதே எனக்கு வாடை அடிச்சிட்டு. பவர் சப்ளை போர்டு, இடப்பக்கம் ரெண்டாவது கப்பாசிட்டர், உப்பிப்போச்சு. தொறந்து பாத்தா அதேதான். இந்தா மாத்துதேன். இப்ப எரியும் பாரு."

உப்பிய கப்பாசிட்டரை எடுத்துக் காட்டினார். அது உண்மைதான், தலை புடைத்திருந்தது. புதுசு போட்டு, ஈயத்தால் பற்றவைத்து, மானிட்டர் வயரைத் தன் சீரியஸ் போர்டில் சொருகினார்.

சீரியஸ் போர்டு என்பது அண்ணாச்சிக்குக் குலதெய்வம். ஒரு பலகை, ஒரு பிளக், ஒரு குண்டு பல்பு. கரண்டு முதலில் பல்புக்குள் போய்விட்டுத்தான் மானிட்டருக்கு வரும். மானிட்டரில் ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுக்கும், போர்டு பிழைக்கும். அந்தப் பல்பு வழியாக இல்லாமல் எதையும் நேராகக் கரண்டில் போட மாட்டேன் என்று அவருக்கு ஒரு சத்தியம். பல்பு இருப்பது மேலே, அடுக்கிய மானிட்டர்களுக்குப் பின்னால்.

சுவிட்சைப் போட்டார். மானிட்டர் கம்மென்று இருந்தது.

"பல்பு வெளிச்சம் வரல, பாத்தியளா? ஷார்ட் கிடையாது. பாதிக் கிணறு தாண்டியாச்சு" என்றார்.

"மீதிப் பாதி?" என்றான் சீனிப்பாண்டி. பக்கத்து டீக்கடைக்காரன். டீ கொடுக்க வந்தவன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். அண்ணாச்சி புளுகுக்கு முதல் ரசிகனும் முதல் எதிரியும் அவன்தான்.

"இதெல்லாம் ஒரு சாவாவே? தாமிரபரணி வெள்ளத்துல ஒரு மானிட்டர் போச்சு. எட்டு நாள் ஆத்துக்குள்ள கெடந்துது. வலை போட்டு எடுத்துக்கிட்டு வந்தானுவ. தொறந்தா, போர்டுல ரெண்டு கெண்டை குடியிருக்கு."

"உசிரோடயா?"

"உசிரோட இல்லாம? ஒண்ணு பியூஸைக் கடிச்சிக்கிட்டு நிக்கி. அதைத் தொந்தரவு பண்ணாம சுத்தி மட்டும் பத்தவச்சேன். ஆன் பண்ணேன். படம் வருது கேட்டீரா, அப்படி ஒரு படம். நீலக்கலர் மட்டும் கொஞ்சம் தண்ணியா இருந்துது."

"மீனு என்ன ஆச்சு?"

"அதுவளை ஆத்துல விட்டேன். ஒண்ணு திரும்பி வந்துட்டு. வெளிச்சத்துல இருந்து பழகிட்டுல்லா."

வடிவு சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, எரியலையே" என்றாள்.

அண்ணாச்சி பியூஸை மாற்றினார். சொருகினார். கம். ஐசியை மாற்றினார். சொருகினார். கம். நெற்றி வேர்த்தது. வேர்க்க வேர்க்க அவருக்குப் புளுகு பெரிதாகும். எனக்குப் பாவமாகவும் இருந்தது, கேட்கவும் ஆசையாக இருந்தது.

"ஜப்பான்ல ஒரு கம்பெனி" என்று ஆரம்பித்தார். "பத்தாயிரம் மானிட்டர் செஞ்சு வச்சிருக்கான், ஒண்ணும் எரியல. எனக்குப் போன் அடிக்கான். நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். எந்திரிக்க முடியுமா? போனை போர்டு பக்கத்துல வையிடான்னேன். வச்சான். இங்க இருந்து ஒரு ஊது ஊதினேன். அங்க பொடியெல்லாம் பறந்து பத்தாயிரமும் எரிஞ்சிட்டு."

"பத்தாயிரத்துக்குப் பக்கத்துலயும் ஒரே போனா?" என்றேன்.

"ஸ்பீக்கர்ல போட்டிருந்தான், ஜெராக்ஸ்காரரே. மோர்க்குழம்பு வாசனையும் சேந்து போயிட்டாம். இன்னைக்கும் அந்த மானிட்டரை ஆன் பண்ணா லேசா மணக்குதுங்காவ."

மணி மூன்றே முக்கால். வடிவு எழுந்து நின்றாள். "நான் என்ன செய்ய அண்ணாச்சி? சிபியூவைத் தூக்கிட்டு எங்கயாவது போலாம்னா தெருவுல உள்ள மானிட்டர் பூராவும் இங்கல்லா செத்துக் கெடக்கு! எங்கண்ணன் நாளைக்கு வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போனாம்னா, பிறகு சாவுக்குக்கூட வர மாட்டான். உங்க கெண்டை மீனா வந்து எம்பிள்ளையை மடியில வச்சுக்கும்?"

கண்ணில் தண்ணீர் நின்றது. அண்ணாச்சி கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"அழாத தாயி. எங்கிட்ட வந்த உசிரு போனதில்ல. இந்தப் பலகையை என்னன்னு நெனச்ச? ஒரு ஆடித்தபசு அன்னைக்கு டிரான்ஸ்பார்மர்ல அணில் ஏறி ஊரே இருட்டு. எங்கிட்ட ஒரு மானிட்டர் போர்டு கெடந்துது. அதுல உள்ள கப்பாசிட்டர்ல ஒரு சொட்டுக் கரண்டு மிச்சம். பலகையில சொருகி ஊருக்குத் திருப்பிவிட்டேன். கோபுரத்து லைட்டு எரிஞ்சுது, ராட்டினம் சுத்துச்சு, மிச்சக் கரண்டை ராஜபாளையத்துக்குக் கொடுத்தேன்."

"ராஜபாளையத்துக்காரன் ஒண்ணும் சொல்லலையே" என்றான் சீனிப்பாண்டி.

"அவன் எதைவே ஒத்துக்கிட்டான்? நீரு உம்ம கதையைக் கேளும். என் சீரியஸ் பல்பு இருக்குல்லா, அதோட சூடு சாதாரணச் சூடு கிடையாது. உம்ம கடையில அவிச்ச முட்டையை ஒரு நாள் மறதியா அதுக்குக் கீழ வச்சிட்டுப் போனீரு, நெனவு இருக்கா? சாயந்தரம் பாக்கேன், ஆறும் பொரிச்சிட்டு! ஆறு குஞ்சு! அவிச்ச முட்டைல்லா, அதனால உரிச்சே வெளிய வருது. ஒண்ணு ரெக்கையில மிளகுப்பொடியைத் தட்டிக்கிட்டு நிக்கி!"

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வடிவுகூட அழுதுகொண்டே சிரித்தாள். சீனிப்பாண்டி மட்டும் சிரிக்கவில்லை. டீத் தம்ளரைக் கீழே வைத்தான்.

"அண்ணாச்சி. குஞ்சுன்னதும்தான் ஞாபகம் வருது. எங்க வீட்டுக் கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்டணும்னு ஒரு குண்டு பல்பு கேட்டேன்லா? திங்கக்கிழமை?"

"ஆமா, கொடுத்தேன்."

"எங்க இருந்து கழட்டிக் கொடுத்தீரு?"

அண்ணாச்சி மெல்ல மேலே பார்த்தார். நான் ஸ்டூலில் ஏறி நாலு மானிட்டரை நகர்த்தினேன். பின்னால் ஹோல்டர் பல்லில்லாத வாயைத் திறந்துகொண்டு இருந்தது. பல்பு இல்லை. பல்பு இல்லையென்றால் மானிட்டருக்குக் கரண்டே இல்லை. திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பலகையில் எதைச் சொருகினாலும் பிணம்தான்.

சீனிப்பாண்டி ஓடினான். அவன் வீடு பின் சந்தில்தான். மூன்று நிமிஷத்தில் பல்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தான், சூடு ஆறவில்லை, ஒரு கோழி இறகும் ஒட்டியிருந்தது. மாட்டினோம். அண்ணாச்சி சுவிட்சைப் போட்டார். மானிட்டர் பளீரென்று கண் விழித்தது. சிபியூவை இணைத்ததும் திரையில் மீசையை முறுக்கிக்கொண்டு முத்தையா வந்து நின்றார். வடிவு மௌசைப் பிடித்தாள். நாலே முக்காலுக்கு வேலை முடிந்து பென் டிரைவோடு பறந்துவிட்டாள்.

நான் என் மானிட்டரை எடுத்துச் சொருகினேன். எரிந்தது. அடுத்தது. எரிந்தது. பதினொன்றும் எரிந்தன. மனுஷன் ஒவ்வொன்றையும் முதல் தடவையிலேயே சரிபண்ணிவிட்டு, ஒவ்வொன்றையும் செத்ததென்று அடுக்கியிருக்கிறார். ஸ்டூலில் உட்கார்ந்து வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மண்டப வாசலில் முத்தையா ஆளுயரத்துக்கு நின்றார். நிஜ முத்தையா அதற்குப் பக்கத்தில் நின்று இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பிள்ளையை மடியில் வைத்தார். பிள்ளை கத்தியது, அவரும் அழுதார், வடிவைக் கேட்கவே வேண்டாம்.

பந்தியில் அண்ணாச்சி முத்தையாவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். எனக்கு எதிர் வரிசை. அவர் குரல் வழக்கத்துக்கு மாறாகத் தணிந்திருந்தது.

"மாப்பிள்ளை, நான் பொய் சொல்லல. ஒரே வாரத்துல பன்னெண்டு மானிட்டர். எல்லாத்தையும் மொதத் தடவையே சரி பண்ணியிருக்கேன். சரி பண்ணது எனக்கே தெரியாது."

முத்தையா பாயசத்தை ஓர் உறிஞ்சு உறிஞ்சிவிட்டு அவரைப் பார்த்தார்.

"போங்க அண்ணாச்சி. தங்கச்சி எல்லாம் சொன்னா. அந்த அவிச்ச முட்டையைக்கூட நம்பிக்கிடுதேன். இதை எவன் நம்புவான்?"