பாக்கு இடித்த முத்திரை

முன்னொரு காலத்தில், ஆற்றுக்கு இக்கரையில் ஆண்ட ராஜா ஒருவருக்குச் சந்தன மரத்தில் ஊஞ்சல் மண்டபம் கட்டும் ஆசை வந்துவிட்டது. ஆசை வந்தால் போதுமா, கஜானா நிறைய வேண்டாமா? அக்கரையில் இரண்டு அரசர்கள் போரிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவருக்கு ஈட்டி விற்கலாம் என்று யோசனை சொன்னார் தளவாய் வீரகேசரி.

"விற்கலாம். ஆனால் ஊர் ஜனங்களைக் குத்திய பழி நமக்கு வரக்கூடாது" என்றார் ராஜா.

"வராது பிரபு. கோட்டைக் காவலுக்கு மட்டுமே என்று அவர்கள் தூதர் சத்தியம் செய்திருக்கிறார். இந்த ஈட்டிகள் அப்பாவிகளை ஒன்றும் செய்யாது; அதற்கு அடியேன் பொறுப்பு. விற்க அனுமதி தரும் இரும்பு ஆயுத முத்திரையை மட்டும் நம் விகடகவி சோணாசலம் தன் கையால் குத்தட்டும்."

தளவாய்க்குச் சோணாசலத்தைக் கண்டாலே ஆகாது. சோணாசலத்தின் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர் அக்கரையில், ஈட்டி வாங்கும் படை போகிற வழியில் இருப்பது தெரிந்தே சொன்னார். குத்தினால் தங்கை வாசலில் ஈட்டி, மறுத்தால் ராஜதுரோகம். ஆனாலும் சோணாசலம் சிரித்துக்கொண்டே, "உத்தரவு பிரபு. நம் நாட்டு வழக்கப்படியே குத்துகிறேன்" என்றான்.

அந்த நாட்டில் யானையை வெளியே விற்பதென்றால் ஒரு வழக்கம் உண்டு. 'இது சாது' என்று பொறுப்பேற்கும் பாகன், சபை நடுவே அதன் காலடியில் மல்லாந்து படுக்க வேண்டும். யானை அவனை மிதிக்காமல் தாண்டினால்தான் முத்திரை.

மறுநாள் சபையில் சோணாசலம் உத்தரத்திலிருந்து ஓர் ஈட்டியைக் கயிற்றில் தொங்கவிட்டான். கீழே பாய் விரித்தான்.

"தளவாய் அவர்களே, பொறுப்பேற்றவர் தாங்கள். படுங்கள், கயிற்றை அறுக்கிறேன். அப்பாவிகளை ஒன்றும் செய்யாது என்றீர்களே, தாங்கள் அப்பாவிதானே?"

"விளையாடுகிறாயா? அப்பாவி யார் என்று ஈட்டிக்குத் தெரியுமா?" என்று அலறினார் தளவாய்.

சோணாசலத்தின் முகத்தில் சிரிப்பு நின்றது. "தெரியாதுதான் ஐயா. அக்கரையில் என் தங்கை மடியில் கைக்குழந்தை இருக்கிறது. அதையும் தெரியாது."

தளவாய் மெல்ல நகர்ந்து ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றார். அதைப் பார்த்த ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஊஞ்சலும் வேண்டாம், விற்பனையும் வேண்டாம். ஈட்டியை அவிழ்த்துவிட்டு அந்தப் பாயை இங்கே போடு, நான் தரையிலேயே உட்கார்ந்துகொள்கிறேன். உனக்கு என்ன பரிசு வேண்டும், கேள்!"

"அந்த ஆயுத முத்திரையைக் கொடுத்துவிடுங்கள் பிரபு. வீட்டில் பாக்கு இடிக்க ஒன்றும் இல்லை."

ராஜா விழுந்து விழுந்து சிரித்து, தம் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். அடுத்த திருவிழாவுக்குத் தங்கை குழந்தையோடு வந்தபோது, சோணாசலம் அவளுக்கும் அந்த முத்திரையால்தான் பாக்கு இடித்துக் கொடுத்தான்.