‘ஏன்’ இல்லாத ஒரு நாள்

வெகுகாலத்துக்கு முன்னால் மேகலாபுரி என்ற நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் கடைசியாகக் காதில் விழுந்த பேச்சே அவனுக்கு வேதவாக்கு.

அவனுடைய தலைநகரக் கல்லூரியில் தத்துவமும் சமயமும் சொல்லிக்கொடுத்தவர் அம்பலவாணர். மாதம் பத்துக் கலம் நெல் சம்பளம். கிராமத்தில் அது தாராளம். தலைநகரத்திலோ வீட்டு வாடகைக்கே ஆறு கலம் போய்விடும். கஞ்சியைத் தண்ணீராகக் காய்ச்சிக் காலம் தள்ளிப் பார்த்தார். முடியாமல், வாடகைக்காவது கொஞ்சம் சேர்த்துத் தரும்படி தயங்கித் தயங்கி ஓலை எழுதிக் கொடுத்தார்.

பொக்கிஷதாரர் தனபாலருக்குப் படித்தவர்களைக் கண்டாலே வயிற்றெரிச்சல். வில்லாசிரியர் வீரர்களைத் தருகிறார், கணக்காசிரியர் கணக்கர்களைத் தருகிறார், இவர் தருவது என்ன என்று சபையில் கேட்டார். “பற்றை விடு என்று போதிப்பவருக்குச் சம்பளத்தில் மட்டும் பற்று எப்படி வந்தது?”

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தான்.

“ஏன் என்று கேட்கப் பழக்குகிறேன், அரசே,” என்றார் அம்பலவாணர் மெல்ல.

“ஒரு சொல்லுக்கா பத்துக் கலம்?” என்றார் தனபாலர். அப்படியானால் சம்பளத்தையே நிறுத்திவிடலாம் என்றான் ராஜா.

அமைச்சர் வேலப்பர் எழுந்தார். “நிறுத்தலாம், அரசே. வேண்டாத சரக்கென்றால் நாளை ஒருநாள் சபையில் யாரும் அதைத் தொடக் கூடாது. ஏன், எதற்கு, எதனால், எதுவும் வேண்டாம். பொழுது நல்லபடி போனால் சம்பளம் நிற்கட்டும்.” ராஜாவுக்கு விளையாட்டுப் பிடித்துவிட்டது.

அன்று மாலையே அம்பலவாணரின் மனைவி பாத்திரங்களை மூட்டை கட்டினாள்.

மறுநாள் தோட்டக்காரன் மாடனைக் காவலர்கள் இழுத்துவந்தார்கள். ராஜா ஆசையாக வளர்த்த மாமரத்தை விடியற்காலையில் வெட்டிச் சாய்த்துவிட்டானாம். நாற்பது கசையடி என்றார் தனபாலர்.

ராஜாவுக்குக் கண் சிவந்தது. “அடேய், ஏன்...”

“அந்தச் சொல் இன்று கிடையாது, அரசே,” என்றார் வேலப்பர்.

ராஜா வாயை மூடிக்கொண்டான். கேட்காமல் குடிமக்கள் வாய்திறப்பது சபை வழக்கமில்லை. காவலர்கள் மாடனைத் திருப்பி நிறுத்தினார்கள். கசை ஓங்கியது. சபை ஓரத்தில் நின்ற அம்பலவாணருக்கு அந்த முதுகைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

“நான் தோற்றதாகவே இருக்கட்டும், என் சம்பளம் போகட்டும், அரசே. அவனைக் கேளுங்கள்,” என்றார்.

ராஜா கையமர்த்தினான். “ஏன் வெட்டினாய்?”

“உள்ளெல்லாம் கரையான் அரிச்சுப்போச்சு, மகாராஜா. இளவரசியம்மா ஊஞ்சல் மேல சாஞ்சுட்டிருந்துச்சு. விடிஞ்சா அவங்க ஆட வந்துருவாங்களே.”

ஆள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அடிமரம் வெறும் கூடு என்றான். ராஜா அரியணையை விட்டு இறங்கி மாடனின் கைகளைப் பிடித்துக்கொண்டான். “ஒரு சொல் இல்லாததால் என் மகளைக் காத்தவனை அடித்திருப்பேன்,” என்றான்.

மாடனுக்கு ஒரு வேலி நிலம். அம்பலவாணருக்கு இரட்டைச் சம்பளம், வாடகை தனி. அந்த நெல்லை மாதாமாதம் தனபாலரே தலையில் சுமந்துபோய்க் கொடுக்கவேண்டும்.

தனபாலர் ஏதோ கேட்க வாயெடுத்தார்.

“நீர் கேட்கக் கூடாது,” என்றான் ராஜா. “இன்னும் பொழுது சாயவில்லை.”

வேலப்பருக்கு நன்றி சொல்லிவிட்டு அம்பலவாணர் வெளியே வந்தார். அரண்மனை வாசலில் மாடன் காலில் விழப்போனான். அவர் தடுத்தார்.

“நீங்க கேக்கச் சொன்னதாலதான் என் முதுகு பொழைச்சுது, சாமி.”

“நீ பதில் சொன்னதால்தானப்பா என் வீட்டில் உலை கொதிக்கப்போகிறது,” என்று அவர் கைகூப்பினார்.

கேட்கச் சொன்னவரும் வாழ்ந்தார், பதில் சொன்னவனும் வாழ்ந்தான். காதுகொடுத்த நாமும் வாழ்வோம்.