இருளாயிக்கு வாங்குன பீப் மிஷின்

ஒரு ஊர்ல ஒரு புளியமரம், அந்தப் புளியமரத்துல ஒரு பேய். போர்வைய இழுத்து மூடாதடா, நல்ல பேய்தான். பல்லு மட்டும் கொஞ்சம் எடுப்பு. பேரு சடைச்சி. அவளுக்கு ஒரு பொம்பளப் புள்ள, இருளாயின்னு. உன் வயசுதான். உன்ன மாதிரியே அதுவும் ஒரு எடத்துல உக்காராது, கிளைக்குக் கிளை தாவிக்கிட்டே கெடக்கும்.

ம் கொட்டு முகிலா. நீ ம் கொட்டலன்னா தூங்கிட்டன்னு நெனச்சு சித்தி எந்திரிச்சுப் போயிருவேன். அப்புறம் பேயோட நீதான் தனியாப் படுத்துக் கெடக்கணும்.

ஆங், அப்பிடி.

பேய்க்கு எதக் கண்டா பயம் சொல்லு? இரும்பு. அதான் உன் தங்கச்சி பொறந்தப்போ தொட்டிலுக்கு அடியில உங்க அப்பத்தா பாக்குவெட்டிய வச்சுச்சு. அதுல ஒரு பேயும் இடிச்சுக்கல, நான்தான் கால இடிச்சுக்கிட்டு நொண்டிக்கிட்டுத் திரிஞ்சேன். பேயி இரும்புல பட்டுச்சுன்னா பலாப்பழப் பிசின்ல ஈ ஒட்டுன மாதிரி ஒட்டிக்கும். அப்புறம் நகர முடியாது.

இருளாயியோட அப்பன் பேரு பேச்சிமுத்து. தங்கமான ஆளு, நாக்கு மட்டும்தான் நீளம். எந்த வீட்ல கறி கொதிச்சாலும் இவருக்கு மரத்துல இருப்புக் கொள்ளாது. ஒருநாள் நல்ல உச்சி வேளை. பேயிகளுக்கு ராத்திரி மட்டும்தான் வேலைன்னு நெனைக்காத, உச்சி வெயிலும் அதுகளுக்கு ஒரு ஷிப்டுதான். அப்போ ஒரு பொண்ணு அவ அம்மா வீட்ல இருந்து தூக்குச்சட்டியில கறிக்குழம்பு கொண்டு போயிருக்கா. கறிக்குழம்பு கொண்டு போனா அதோட ஒரு கரித்துண்டும் ஆணியும் போட்டுக் கொண்டு போகணும், அவ மறந்துட்டா. பேச்சிமுத்து சரசரன்னு எறங்கி அவ மேல ஏறிட்டாரு.

அப்புறம் என்ன, அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போயி ஒரு சட்டிக் குழம்பையும் ஒத்தையா மடக்கு மடக்குன்னு குடிச்சுட்டு, உப்பு கூடன்னு வேற கொறை சொல்லியிருக்கா. மாமியார் வீட்ல சும்மா விடுவாங்களா? பேயோட்டுற கோடாங்கியக் கூப்பிட்டு விட்டாங்க. அவரு வந்து உடுக்கைய அடிச்சாரு. டுடும் டுடும் டுடும். அந்தப் பொண்ணோட முடியில ஒரு கொத்த அறுத்து, அதுல பேச்சிமுத்துவ எறக்கி, ரோட்டோரத்துல ஒரு புளியமரத்துல வச்சு ஆணி அடிச்சுட்டாரு. ணங், ணங், ணங்.

எந்த மரமா? நல்லாக் கேட்ட. அதான் சடைச்சிக்கே தெரியல. உடுக்கைச் சத்தத்துக்கு அவ காதப் பொத்திக்கிட்டு ஒடுங்கிக் கெடந்தா, இருளாயி அப்போ வயித்துல. அந்த ரோட்ல ரெண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டுன மட்டும் புளியமரம். ஒண்ணொண்ணாத் தொட்டுத் தேடலாம்னா, ஆணியில கை பட்டுச்சுன்னா இவளும் அங்கயே ஒட்டிக்குவா.

இருளாயி வளந்துச்சு. எங்கப்பன் எங்க, எங்கப்பன் எங்கன்னு ஆத்தாளப் போட்டு நச்சரிச்சுச்சு. ஒருநாள் நானே தேடிக்கிறேன்னு தனியாக் கெளம்பிருச்சு. சடைச்சிக்கு உசுரே போயிருச்சு. ஏற்கனவே போனதுதான், மறுபடியும் ஒருதரம் போச்சு. ஓடிப் போயி சடையப் புடிச்சு இழுத்துட்டு வந்தா. ஆனா எத்தன நாளைக்கு இழுத்துக்கிட்டு இருப்பா? புள்ளைக்கு இரும்பு எங்க இருக்குன்னு முன்னாடியே சொல்ற ஏதாவது ஒண்ணு கையில வேணும்.

அப்போ ஆடிப் பதினெட்டு முடிஞ்சு ஆத்துல ஒருத்தன் காதுல என்னத்தையோ மாட்டிக்கிட்டு, கம்பு நுனியில ஒரு தட்ட வச்சு மணல் மேல ஆட்டிக்கிட்டே போனான். பீப்னுச்சு. தோண்டுனான், சாமிக்குப் போட்ட காசு. மறுபடியும் பீப்னுச்சு, தோண்டுனான், சோடா மூடி. நீ உங்கப்பாகிட்ட பொறந்த நாளைக்குக் கேட்டு அழுதியே, அந்த மெட்டல் டிடெக்டர், அதேதான். சடைச்சி மரத்து மேல இருந்து பாத்தா. சரி, புள்ளைக்கு இதுல ஒண்ணு வாங்கிற வேண்டியதுதான்னு முடிவு பண்ணிட்டா.

டவுன்ல சங்கரபாண்டின்னு ஒருத்தர் இந்த மிஷின் விக்கிறாரு. மத்தியானம் ஈ காக்கா இல்லாத நேரம், தூக்குவாளியத் தொறந்து வச்சு சாப்பிட உக்காந்திருக்காரு. தாயும் புள்ளையும் அந்தரத்துல மெதந்துக்கிட்டு உள்ள வருதுக. அவரு நிமிந்து பாத்தாரு. காலு இல்ல. அவருக்கு பயந்தான். ஆனா காலையில இருந்து போணி ஆகல பாத்தியா, வாங்கம்மான்னுட்டாரு.

சடைச்சி விசயத்தச் சொன்னா. இரும்பு பட்டா ஒட்டிக்கும், கைப்பிடி பிளாஸ்டிக்கா இருக்கணும், பேட்டரிய எங்களால தொட முடியாதுன்னு எல்லாத்தையும் சொன்னா. அவரு, பேட்டரிய நான் மாட்டித் தர்றேன், தீந்துச்சுன்னா இங்க கொண்டாங்க, எடுத்துட்டுப் போயி போட்டுப் பாருங்க, புடிக்கலன்னா மாத்திக்கலாம்னாரு.

மொதல்ல ஒரு குட்டைக் கம்பு குடுத்தாரு. கோயில் வாசல்ல போலீஸ்காரரு நம்ம இடுப்புல தடவுவாரே, அது. இருளாயி வாங்குன வேகத்துல வெளிய நின்ன ஒரு சைக்கிள் பக்கத்துல கொண்டு போச்சு. சத்தம் இல்ல. இன்னும் கிட்ட கொண்டு போச்சு, அப்பவும் சத்தம் இல்ல. இன்னும் கிட்ட போகவும் கிர்ர்ருன்னுச்சு. ஆனா அதுக்குள்ள புள்ளையோட சட கேரியர்ல பச்சக்குன்னு ஒட்டிக்கிருச்சு. தொட்டதுக்கப்புறம் சொல்றதுக்கு மிஷின் எதுக்கு?

அந்த நேரம் பாத்து சைக்கிள்காரரு வந்து ஏறி மிதிச்சுட்டாரு. இருளாயி பின்னாடி பட்டம் மாதிரி பறந்துக்கிட்டுப் போகுது. அவரு மிதிக்கிறாரு, மூச்சு வாங்குது, சைக்கிள் வேகமே எடுக்க மாட்டேங்குது. எறங்கி டயர அமுக்கிப் பாக்குறாரு, காத்து சரியாத்தான் இருக்கு. அதுக்குள்ள சடைச்சி ஓடியாந்து அந்தச் சட நுனிய பல்லாலேயே நறுக்குன்னு கடிச்சு அறுத்துட்டா. எடுப்புப் பல்லுன்னு நீ சிரிச்சேல்ல, அதுதான் அன்னைக்கு உதவுச்சு.

ம் காணோமே. ஆங்.

ரெண்டாவது மிஷின் பெருசு. டிவி மாதிரி திரை, காதுக்கு மாட்டுறது, பத்துப் பதினஞ்சு பொத்தான். கடையிலேயே வெல கூடுனது அதான். வெல கூட இருந்தா நல்லதாத்தான் இருக்கும்னு சடைச்சி நம்பிட்டா. உங்கப்பாவும் இப்பிடித்தான், எந்தக் கடைக்குப் போனாலும் மேல் தட்டுல இருக்கிறதத்தான் காட்டச் சொல்லுவாரு. அதத் தூக்க முடியாம தூக்கிக்கிட்டு ரெண்டும் புளியமரத்து ரோட்டுக்குப் போச்சுக. மொத மரம். மிஷின் கம்முன்னு இருக்கு. சத்தமே இல்லம்மா, இங்க ஆணி இல்லன்னு இருளாயி ரெண்டு கையையும் விரிச்சு மரத்தக் கட்டிப்புடிக்கப் போச்சு. சடைச்சி எதேச்சையாப் பாக்குறா, பட்டைக்குள்ள துருப்புடிச்ச ஆணித் தலை ஒண்ணு முழிக்குது. பாவாடையப் புடிச்சு விருட்டுன்னு பின்னாடி இழுத்துட்டா.

அந்த மிஷினோ தரையப் பாத்து பீப் பீப் பீப்னு பாட்டுப் பாடுது. தோண்டுனா, யாரோ தொலைச்ச தங்க மூக்குத்தி. தங்கத்த வச்சுக்கிட்டு பேயி என்ன பண்ணும்? சங்கரபாண்டிகிட்ட போயிக் கேட்டதுக்கு, ஆமாம்மா, அது அறிவுள்ள மிஷின், இரும்புன்னா குப்பைன்னு ஒதுக்கிரும், தங்கம் வெள்ளிக்குத்தான் வாயத் தொறக்கும்னு பெருமையாச் சொல்றாரு. சடைச்சிக்குக் கோவம் வந்துருச்சு. பணக்கார வீட்டு மிஷினு எங்களுக்கு வேணாம்ணே, குப்பையப் பாத்துக் கத்துறதாக் குடுங்கன்னா.

அவரு உள்ள போயி தேடி மூணாவது ஒண்ணக் கொண்டாந்தாரு. மஞ்சக் கலரு, ஒரே ஒரு திருகு, சின்னப் புள்ள ஒத்தக் கையில தூக்கலாம். எதக் கண்டாலும் எட்டத்துல இருந்தே கத்தும். சைக்கிளக் காட்டுனாங்க, பீப். அவரு தூக்குவாளியக் காட்டுனாங்க, பீப். இருளாயி குதியாட்டம் போட்டுச்சு. இதுக்குப் போயி உள்ள ஒளிச்சு வச்சிருந்தீங்களாண்ணேன்னு சடைச்சி கேட்டா. அவரு தலையச் சொறிஞ்சாரு. காசு எதுவும் வேணாம்மா, ஒரே ஒரு உதவி, எங்க மாமியார் மேல ஏறியிருக்கிற பேயி யாருன்னு பாத்து எறங்கச் சொல்லிருங்கன்னாரு.

சடைச்சி போனா. போன வேகத்துல திரும்பி வந்தா. மொகமெல்லாம் வேர்த்திருக்கு. "அண்ணே, அவங்க மேல பேயி யாருமே இல்லண்ணே. அது அவங்களேதான்"னா. சங்கரபாண்டிக்குக் கண்ணு கலங்கிருச்சு. "இத்தன வருசத்துல நீ ஒருத்தியாவது ஒத்துக்கிட்டியேம்மா"ன்னு மிஷினத் தூக்கிக் கையில குடுத்துட்டாரு.

மெதுவாச் சிரிடா. பக்கத்து ரூம்ல உங்க அப்பத்தா முழிச்சிருக்கு.

அப்புறம் ரெண்டும் ரோட்டுக்கு வந்துச்சுக. மொத மரம், பீப். எட்ட நின்னுக்கிட்டாங்க. ரெண்டாவது மரம், பீப். அடுத்த மரம், பீப். எல்லா மரமும் பீப். சடைச்சி ஆடிப் போயிட்டா. அடப்பாவி கோடாங்கி, நம்ம சாதி சனம் பூராவையும் இங்க அடிச்சு வச்சுட்டியேன்னு அழுதா. அப்புறம் ஒவ்வொரு மரத்துக்கும் கும்புடு போட்டு, "நான் சடைச்சி, பேச்சிமுத்து சம்சாரம். எங்க வீட்டுக்காரரு இந்தப் பக்கம் இருக்காரா?"ன்னு மரியாதையாக் கேட்டுக்கிட்டே போறா. ஒருத்தரும் வாயத் தொறக்கல. ரோட்டோரத்துப் பேயிகளுக்கு எம்புட்டுத் திமிருன்னு அவளுக்குச் சடைப்பா வந்துச்சு.

இருளாயிதான் கண்டுபுடிச்சுச்சு. மிஷின ஆட்டி ஆட்டிப் பாத்தா, சத்தம் வர்ற எடத்துல எல்லாம் ஒரு தகரம் இருக்கு. ரோட்டுக்காரங்க மரத்துக்கு நம்பரு போட்டு அடிச்ச தகரம். டியூசன் சென்டரு போர்டு. மூல வைத்தியசாலை போர்டு. வீட்டு மனை விற்பனைக்கு. பேயே இல்ல, அம்புட்டும் விளம்பரம். இவ்வளவு நேரமா சடைச்சி மூல வைத்தியத்துக்கா கும்புடு போட்டா?

சிரிப்புத்தான். ஆனா இருளாயி சிரிக்கல. எல்லா மரத்துலயும் ஆணி இருந்தா, அதுல எங்கப்பன் ஆணி எதுன்னு எப்பிடித் தெரியும்? மிஷின மடியில வச்சுக்கிட்டு தேம்பித் தேம்பி அழுதுச்சு. இனிமே அப்பனப் பாக்கவே முடியாதான்னு கேட்டுச்சு. சடைச்சி ஒரு மரத்தடியில எட்டி உக்காந்து, புள்ளைய மடியில போட்டு, அப்பன் கதையாவது கேட்டுட்டுத் தூங்கட்டும்னு சொல்ல ஆரம்பிச்சா. உங்கப்பன் ஒருநாள் ஒரு பொண்ணு மேல ஏறினாரு. ம். ஒரு சட்டிக் குழம்பையும் குடிச்சாரு. ம். அப்புறம் கோடாங்கி வந்தாரு. ம். இப்பிடியே கதை போகுது.

குனிஞ்சு பாத்தா, இருளாயி எப்பவோ தூங்கிருச்சு.

அப்போ ம் கொட்டுனது யாரு?

நீயா முகிலா? நீதானே? சரி, சரி, கையக் குடு.

சடைச்சி மெதுவா, "யாரு?"ன்னா. மரத்துக்குள்ள இருந்து, "நாந்தான். அந்தக் குழம்புல உப்பு கூட, அத நீ சொல்லாம விட்டுட்ட"ன்னு ஒரு குரல் வந்துச்சு. சடைச்சிக்கு அழுகையும் வருது, கோவமும் வருது. அப்பலருந்து ஒவ்வொரு மரமாக் கூப்பிட்டுட்டு வர்றேனே, ஒரு குரல் குடுக்கக் கூடாதான்னு கேட்டா. உச்சி வேளையில அசந்துட்டேன், நீ கதை சொல்லவும்தான் முழிப்பு வந்துச்சுங்குறாரு. எம்புட்டு நாளாச்சு பாரு, வந்ததும் ரெண்டும் சண்ட.

சத்தத்துல இருளாயி எந்திரிச்சிருச்சு. அப்பான்னு ஒரே தாவாத் தாவப் போச்சு. கையில இருந்த மிஷின் பீப்னுச்சு. நின்னுருச்சு. ஒரு எட்டு பின்னால வச்சுச்சு, சத்தம் இல்ல. கொஞ்சம் முன்னால, பீப். மறுபடியும் கொஞ்சூண்டு பின்னால. இப்பிடியே பாத்துப் பாத்து, சத்தம் நிக்கிற கிளையில போயி உக்காந்துச்சு. அப்பன் மொகத்துக்கும் அது மொகத்துக்கும் நடுவுல ஒரு சாண்தான். பேச்சிமுத்து புள்ளைய அன்னைக்குத்தான் மொத மொதல்ல பாக்குறாரு. ரொம்ப நேரம் பாத்துட்டு, "பல்லு உங்காத்தா பல்லு, கண்ணு என் கண்ணு"ன்னாரு. 

ஆணியப் புடுங்க வேணாமான்னுதானே கேக்குற? வேணும். பேயி தொட முடியாது, சங்கரபாண்டிகிட்ட குறடு இருக்கு. கூட்டிட்டு வர்றேன்னு சடைச்சி எந்திரிச்சா. அப்போ அவரு மூக்க உறிஞ்சி, புடுங்குன கையோட ஒரு எட்டு போயிட்டு வந்துர்றேன், எங்கயோ கறி கொதிக்குதுன்னாரு. சடைச்சி மறுபடி உக்காந்துட்டா. இன்னைக்கு அண்ணன் கடை லீவு, நாளைக்குப் பாப்போம்னுட்டா. மறுநாளும் நாளைக்கு. அதுக்கு மறுநாளும் நாளைக்கு. அதுக்குள்ள குடும்பத்தையே அந்த மரத்துக்கு மாத்திட்டா. தெனமும் உச்சி வேளையில இருளாயி மிஷின வச்சு எடம் பாத்து அந்தக் கிளையில படுத்துக்கும். அப்பன் கதை சொல்லுவாரு, இது ம் கொட்டும்.

அப்புறம் ஒருநாள் சடைச்சிக்கே மனசு கேக்கல. பாவம், எத்தன நாளைக்குத்தான் ஒரே எடத்துல நிப்பாருன்னு நெசமாவே போயி சங்கரபாண்டியக் கையோட கூட்டிட்டு வந்துட்டா. அவரு மரத்துல சாஞ்சு நின்னு, குறட்ட ஆணித் தலையில வச்சு, ஒரு அமுக்கு அமுக்குனாரு. கிறீச்சுன்னு ஒரு சத்தம்.

உஸ்ஸுன்னாரு பேச்சிமுத்து. "சத்தம் போடாதீங்கண்ணே. புள்ள இப்பத்தான் கண்ணசந்துச்சு. நாளைக்கு வாங்க."

முகிலா?

ம் காணோம். சரி, கதையும் படுத்துருச்சு, நீயும் படுத்துக்க.